தஞ்சாவூர், முப்பத்துமூன்று சென்ட்

ஆகஸ்ட் 29
மழை: இல்லை

முப்பத்திரண்டு வருஷம் மதகு காக்கும் லஸ்கர் வேலை பார்த்தவனுக்குக் காலை ஆறு மணிக்கு நோட்டைத் திறந்து எதையாவது எழுதாவிட்டால் கை அரிக்கிறது. நீடாமங்கலம் பக்கத்து மதகில் இருந்தவரை ஆற்றில் இத்தனை அடி தண்ணீர், இத்தனை ஷட்டர் ஏற்றினேன், இத்தனை இறக்கினேன் என்று எழுதினேன். இங்கே ஆறும் இல்லை, ஷட்டரும் இல்லை. முதுகுளத்தூரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் உள்ளே, என் மனைவி பூமயிலின் ஊர். சரி, மழையையாவது எழுதலாம் என்று வாசலில் ஒரு தகர டப்பா வைத்து, அதற்குள் ஒரு ஸ்கேலும் போட்டிருக்கிறேன். முதல் நாளே டப்பா காலி.

நாங்கள் வந்த காரணத்தையும் எழுதிவைக்கிறேன். பூமயிலின் அண்ணன் காரைமேகத்துக்கு இருதய அடைப்புக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நடக்கலாம், மண்வெட்டி தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் தங்கை இருவருக்கும் பொதுவாக இரண்டு ஏக்கர். பக்கத்து நிலமெல்லாம் சோலார்காரர்களுக்குப் போய்விட்டது. தெற்கே பார்த்தால் பயிருக்குப் பதில் தகடு தகடாக நிற்கிறது. மச்சானும் கொடுத்துவிடலாம் என்று படிவத்தை வாங்கி, காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். தங்கச்சி கையெழுத்துதான் பாக்கி.

"ஒரே ஒரு வெள்ளாம பாத்துக்கிறோம்ணே. அப்பறம் ஒன் இஷ்டம்" என்றாள் பூமயில்.

"யாரு பாக்குறது?"

"இவுக பாப்பாக."

மச்சான் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு பார்வை பார்த்தார். "தஞ்சாவூர் மாப்ள காஞ்ச தரையவே பாத்ததில்லையேத்தா. சரி, ஏக்கருக்குப் பதினஞ்சு. ரெண்டுக்கும் முப்பது மூட்ட. வந்தா நெலம் நெல்லுக்கு. ஒரு மூட்ட கொறஞ்சாலும் நீ கையெழுத்துப் போட்ரணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் ஏக்கருக்கு முப்பத்தைந்து மூட்டை காண்பவன் நான். "ஆவட்டும் மச்சான்" என்றேன்.

முப்பத்தைந்து வருஷமாக என்னோடு நீடாமங்கலத்தில் "வர்றீங்களா, போறீங்களா" என்று பேசியவள், பரமக்குடியில் பஸ் மாறியதும் "வாரீகளா, போறீகளா" என்று ஆரம்பித்துவிட்டாள். ஒரே நாளில் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறாள்.

செப்டம்பர் 9
மழை: இல்லை

என் வாழ்நாளில் செய்யாத பைத்தியக்காரத்தனத்தை இன்றைக்குச் செய்தேன். சுடுகிற புழுதியில் விதைநெல்லை வாரி வீசினேன். நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது, சேறு கிடையாது. டிராக்டர் ஓட்டிய கட்டி மண், அதன்மேல் நெல், அதன்மேல் மறுபடி ஓர் உழவு. முடிந்தது.

"மழ பேஞ்சதும் வெதச்சா என்ன மச்சான்?" என்று கேட்டேன்.

அவர் கருவேல நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இங்க மழ ஐப்பசி, கார்த்திய. போனாப் போகுதுன்னு கொஞ்சம் மார்கழி. அவ்வளவுதான் நமக்கு அளந்தது. மழ வந்தப்பறம் வெதச்சா, மழ போனப்பறம்தான் பூக்கும். அதான் முன்னாடியே மண்ணுக்குள்ள போயிக் காத்துக் கெடக்கணும். நூத்தஞ்சு நாள் நெல்லு. மழையோட வந்து மழையோட போயிரும்."

"எப்ப மழ வரும்?"

"வாரப்ப வரும்."

இதுதான் திட்டமாம்.

செப்டம்பர் 10
மழை: இல்லை

செப்டம்பர் 11
இல்லை

செப்டம்பர் 16
இல்லை. டப்பாவுக்குள் ஓர் ஓணான் இருந்தது.

பூமயில் கட்டிலைத் தட்டிப் போடும்போது தலைமாட்டில் இருக்கும் என் சாக்கை நகர்த்தப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். அது பதினைந்து கிலோ சம்பா விதை. எங்கள் மூன்று மா நிலம் புறவழிச்சாலைக்குப் போவதற்கு முன்னால், போன தையில் அறுத்த கடைசி அறுப்பு. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. எனக்குக் கழுத்து வலி, தலையணை உயரம் போதவில்லை, சாக்கு வாகாக இருக்கிறது.

செப்டம்பர் 23
மழை: இல்லை

விதைத்துப் பதினான்கு நாள். வயலில் விரலால் நோண்டிப் பார்த்தேன். போட்ட நெல் போட்டபடி கிடக்கிறது. வாயில் போட்டுக் கடித்தேன், கடுக்கென்றது. ஊரில் யாருக்கும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. டீக்கடையில் மழையைப் பற்றிப் பேச்சே இல்லை.

"மழ வராட்டாக்கூட பயமில்ல மாப்ள" என்கிறார் மச்சான். "ஏமாத்து மழ வந்துரக் கூடாது. அதுதான் பயம்."

வராத மழைக்குப் பயப்படாமல் வருகிற மழைக்குப் பயப்படுகிற ஊர். இவர்களோடு என்னத்தைப் பேசுவது?

செப்டம்பர் 26
மழை: இல்லை. 15 மி.மீ.

மேலே எழுதியதை விளக்க வேண்டும். பூமயிலும் மச்சானும் பரிசோதனைக்காக மதுரைக்குப் போயிருக்கிறார்கள். டேங்கர் டிராக்டர் ஒன்றைக் கூப்பிட்டு, வயலின் கிழக்கு ஓரமான கீழ்க்கோடியில் மட்டும் நாலு நடை தண்ணீர் அடித்தேன். முப்பத்துமூன்று சென்ட். எங்கள் கணக்கில் ஒரு மா. நாலு நடை என்பது பதினைந்து மில்லிமீட்டர் மழைக்குச் சமம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு சின்னச் சோதனைதான். இரண்டு ஏக்கருக்கும் அடிக்க நான் என்ன பைத்தியமா?

தண்ணீர் மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகிறது! கரையில் உட்கார்ந்து, ஈரம் காய்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 2
இல்லை. ஆனால் முளைத்துவிட்டது! கீழ்க்கோடி பூராவும் பச்சை. ஊசி ஊசியாக. ஊரில் வேறு எந்த வயலிலும் ஒரு முளை கிடையாது. பூமயில் அண்ணனுக்குப் பத்தியச் சாப்பாடு பண்ணுவதில் வயல் பக்கம் வரவில்லை. மழை வந்து இன்னும் பச்சையானதும் காட்டலாம் என்றிருக்கிறேன்.

அக்டோபர் 6
இல்லை. வெயில் கண்ணைப் பறிக்கிறது. முளையின் நுனி சுருண்டிருக்கிறது. டேங்கர்க்காரர் ஏதோ குலசாமி கும்பிடுக்குப் போய்விட்டாராம், நான்கு நாள் ஆகும் என்கிறார்கள்.

அக்டோபர் 10
இல்லை.

கீழ்க்கோடி கருகிவிட்டது. மிச்சமே இல்லை. ஒரு கைப்பிடி பிடுங்கினேன், வேரோடு பொடிந்தது. மேல்பக்கம், தண்ணீர் விடாத இடத்தில் நோண்டிப் பார்த்தேன். அங்கே நெல் அப்படியே கெட்டியாக, உயிரோடு கிடக்கிறது.

ஏமாத்து மழை என்றால் என்னவென்று இப்போது தெரிகிறது. கொஞ்சம் ஈரத்தைக் காட்டி, வெளியே வா என்று கூப்பிட்டுவிட்டுக் கைவிடுவது. வானத்திலிருந்து அது வரவில்லை. நான்தான் நாலு நடை அடித்தேன்.

அக்டோபர் 11
இல்லை.

பூமயில் வயலுக்கு வந்துவிட்டாள். கீழ்க்கோடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆடு மேஞ்சிட்டுது" என்றேன்.

"எந்த ஆடு?"

"கருப்பு ஆடு."

"சரி" என்றாள்.

அக்டோபர் 13
இல்லை.

கீழ்க்கோடியை மறுபடி கொத்தி விதைத்தேன். உள்ளூர் விதை மிச்சம் இல்லை. யாரிடமாவது கேட்டால் ஏன், எதற்கு என்று ஊர் பூராவும் விசாரிக்கும். கழுத்து வலியும் இப்போது தேவலாம். ஆகவே சாக்கைப் பிரித்தேன். நூற்றைம்பத்தைந்து நாள் நெல் என்பது தெரியும். மழை கொஞ்சம் நின்று பெய்தால் வந்துவிடும்.

சாக்கில் கொஞ்சம் தூசி மட்டும் பாக்கி. அதற்குள் பழைய துணிகளைத் திணித்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 18
மழை: 58 மி.மீ.

காலை பத்து மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது, பிற்பகல் இரண்டுவரை கொட்டித் தீர்த்தது. டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். மச்சான் டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். பூமயில் கத்துகிறாள், அவர் சிரிக்கிறார்.

"இது ஏமாத்து மழ இல்லையே மச்சான்?"

"அடப் போங்க மாப்ள! இதுதான் மழ!"

அக்டோபர் 23
மழை: 21

புழுதியில் போட்டதெல்லாம் முளைத்துவிட்டது. நாற்பது நாள் வெந்த மண்ணில் கிடந்த நெல், ஐந்தே நாளில் ஒன்றுபோல எழுந்து நிற்கிறது. நான் தோற்றுப்போனேன் என்று எழுதிவைக்கிறேன். சந்தோஷமாகத்தான் எழுதுகிறேன். கீழ்க்கோடியும் முளைத்திருக்கிறது.

நவம்பர் 4
மழை: 33. கண்மாயில் பாதி தண்ணீர். களை எடுக்க ஆறு பேர் வந்தார்கள். பூமயில் அவர்களோடு இறங்கி, என்னைப் பற்றி என்னவோ சொல்லிச் சிரித்தாள். கேட்டதற்குச் சொல்லவில்லை.

நவம்பர் 19
மழை: 12

மச்சான் தினமும் நடைப்பயிற்சி என்று வயலுக்கு வந்துவிடுகிறார். இன்று கீழ்க்கோடி வரப்பில் நின்றுவிட்டார்.

"இங்க மட்டும் இல அகலமா இருக்கே மாப்ள. என்னா சேதி?"

"மண் வாகு."

"மண் வாகா?" குனிந்து ஓர் இலையைத் தடவிப் பார்த்தார். "இது தஞ்சாவூர் மண்ணு போல!"

எனக்கு முகம் சுட்டது. அவர் நடையைத் தொடர்ந்தார்.

நவம்பர் 20
மழை: 0. "தஞ்சாவூர் எப்படி இருக்கு மாப்ள?" என்று கேட்டார்.

நவம்பர் 21
மழை: 7. "தஞ்சாவூர் நல்லாருக்கா?"

இந்த மனுஷனுக்கு இருதயத்தில் அடைப்பு எடுத்தவன் வாயையும் கொஞ்சம் தைத்திருக்கலாம்.

டிசம்பர் 27
மழை: 4

மேல்பக்கம் பூராவும் சூல் கட்டிவிட்டது. தண்டைப் பிதுக்கினால் குட்டிக் கதிர் தெரிகிறது. கீழ்க்கோடி மட்டும் இடுப்பளவு உயரம், கரும்பச்சை, பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. நாலு தண்டைப் பிதுக்கிப் பார்த்துவிட்டேன். அதற்கு இன்னும் ஐம்பது நாள் வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்போது காலையில் பனி இறங்கும், வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடும். அங்கே அதற்கு அவசரமே கிடையாது.

ஜனவரி 1
மழை: இல்லை. மச்சான் புதுக் காலண்டர் மாட்டினார். பழையதற்குப் பின்னாலிருந்து சோலார் படிவத்தை எடுத்து, தூசி தட்டி, புதியதற்குப் பின்னால் செருகினார். பூமயில் பார்த்துக்கொண்டே சட்டியைக் கழுவினாள்.

ஜனவரி 5
மழை: 2. இதுதான் கடைசி என்கிறார்கள். மேல்பக்கம் பூத்துவிட்டது. பத்து மணி வெயிலில் வெள்ளை வெள்ளையாகப் பூ. வரப்பில் நடக்கக்கூட மனசு வரவில்லை.

ஜனவரி 15
மழை: இல்லை. பொங்கல். மூன்று பேரும் சாப்பிட்டோம். மச்சானுக்கு இனிப்பில் ஒரு கரண்டிதான். அதற்கு அவர் போட்ட சண்டையை எழுதினால் நோட்டு தீர்ந்துவிடும்.

ஜனவரி 17
மழை: இல்லை

இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுதிவிடுகிறேன்.

கண்மாயில் தண்ணீர் கடைசி. முறைவைத்துத் திறந்துவிடுகிற நீர்பாய்ச்சி காலை ஏழு மணிக்கே வந்து, "ஒங்களுக்கு நாலு மணி நேரம். இதோட மடைய அடச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பால் பிடிக்கிற கதிருக்கு இந்த ஒரு தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் பாதி பதராகப் போய்விடும். கீழ்க்கோடிக்கோ ஒரு மாதத்துக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். மண் வெடித்து, இலை நுனி சுருள ஆரம்பித்துவிட்டது. ஒரு பாய்ச்சல் கொடுத்தால் இன்னும் பத்து நாள் தாங்கும். அதற்குள் ஒரு மழை வராதா என்று என் புத்தி போகிறது. தை மாசத்தில், இந்த ஊரில்.

வாய்க்கால் கீழ்க்கோடியைத் தொட்டுத்தான் மேற்கே திரும்புகிறது. முதலில் என் வாமடைதான், கீழ்க்கோடிக்குத் தண்ணீர் நுழைகிற வாய். தண்ணீர் வந்து அங்கே முட்டிக்கொண்டு நின்றது. மண்வெட்டியை எடுத்தவன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பாதி இதற்கு, பாதி அதற்கு என்றும் யோசித்தேன். அதற்குப் பெயர் என்னவென்று எனக்குத்தான் தெரியுமே. ஒருமுறை அடித்தாயிற்று அந்த மழையை.

வாமடையில் மண்ணை வெட்டிப் போட்டு, காலால் மிதித்து அடைத்தேன். தண்ணீர் திரும்பி மேல்பக்கம் போனது. முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ முறை ஷட்டரை இறக்கியிருக்கிறேன். மேலிடத்து உத்தரவு வரும், இறக்குவேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன். இன்றைக்குத்தான் உத்தரவும் நானே போட்டேன். அழுதேன். யாரும் பார்க்கவில்லை. மச்சான் தூரத்தில் கருவேல நிழலில் இருந்தார். அவருக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஏக்கருக்கு முப்பத்தைந்து மூட்டை கண்டது என் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறும் அந்தப் பனியும் சேர்ந்து கொடுத்தது. நான் ஷட்டர் ஏற்றினேன், அவ்வளவுதான்.

ஜனவரி 18
மழை: இல்லை. மச்சான் வந்தார். தஞ்சாவூரைப் பற்றி இன்று எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 28
மழை: இல்லை. இன்றைக்கு மேட்டூரை மூடுகிற நாள். கீழ்க்கோடி வைக்கோல் நிறமாகிவிட்டது. ஒரு கதிர்கூடத் தலை நீட்டவில்லை. மேல்பக்கமும் அதே நிறம்தான், ஆனால் தலை குனிந்து நிற்கிறது.

பிப்ரவரி 5
மழை: இல்லை

அறுவடை. காலையில் மிஷின் வந்து, பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட்டுப் போய்விட்டது. கீழ்க்கோடியில் இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தார்ப்பாயில் கொட்டி, தூற்றி, சாக்குப் பிடித்து, நானும் பூமயிலும் தைத்தோம். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தார்.

இருபத்தாறு.

தார்ப்பாயை உதறினேன். அரைப்படிகூடத் தேறவில்லை. பூமயில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நேரே மச்சானிடம் போனேன்.

"மச்சான், கொறஞ்சதுக்கு நெலம் காரணமில்ல. நான்தான். கீழ்க்கோடிக்கு டேங்கர் தண்ணி அடிச்சேன், மொளச்சது கருகிடுச்சு. அப்புறம் எங்க ஊர் நெல்லப் போட்டேன். ஆடு கீடு ஒண்ணும் மேயல. அந்த ஒரு மாவும் வெளஞ்சிருந்தா முப்பது தாண்டியிருக்கும். தப்பு என்னோடது. இவள கையெழுத்துப் போடச் சொல்லாதீங்க."

அவர் கூழாங்கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நீங்கதான நோட்டெழுதுறவுக. எரநூறு சென்ட்டுல முப்பத்துமூணு போனா எத்தன?"

"நூத்தி அறுவத்தேழு."

"ஏக்கருக்குப் பதினஞ்சுன்னா அதுக்கு எத்தன மூட்ட?"

"இருவத்தஞ்சு. அதுக்கு மேல ஒரு சொட்டு."

"இங்க எத்தன கெடக்கு?"

"இருவத்தாறு."

"அப்பறமென்ன?" ஒரே ஒரு கல்லை எடுத்துத் தனியாக வீசினார். "நான் பேசுனது எங்கூரு நெலத்துக்கு. தஞ்சாவூருல வெளையாததுக்கெல்லாம் நான் கணக்குப் பாக்க முடியாது."

பூமயில் ஊசியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. மச்சான் எழுந்து நடந்துவிட்டார். கொஞ்சதூரம் போய் நின்று, திரும்பாமலே சொன்னார்: "அன்னைக்கு வாமடைய அடச்சீகளே. அதுக்குமேல எனக்கு என்ன வேணும்?"

தூரத்துப் பார்வை தெரியாது என்று நான்தான் நினைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6
மழை: இல்லை

கீழ்க்கோடியை மாட்டுக்கு அறுத்தோம். நான் அறுக்க, பூமயில் கட்டினாள். மூன்றாவது கட்டுக் கட்டும்போது நானே ஆரம்பித்தேன்.

"ஆடுன்னு பொய் சொல்லிட்டேன் ஒங்கிட்ட."

"தெரியும்."

"எப்படி?"

"மதுரையிலருந்து வந்து பஸ்ஸ விட்டு எறங்குனதுமே டேங்கர்க்காரன் சொல்லிட்டான். எஞ் சித்தப்பா மகன்தான அவன்."

அட ஆண்டவனே. இந்த ஊரில் தண்ணீர் விடுகிறவன்கூட மச்சினன்தானா!

"சாக்குல துணி திணிச்சதும் தெரியும்" என்றாள். "எந்த ஊருல நெல்லுச் சாக்கு அம்புட்டு மெத்துன்னு இருக்கும்?"

"அப்பவே கேட்டிருக்கலாமே. நூத்தம்பத்தஞ்சு நாள் நெல்லு இங்க வெளையாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

கட்டை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நம்ம வயலுக்கு மேல ரோடு போட்ட நாள்லருந்து அந்தச் சாக்கத் தலமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குனீக. ஒரு வார்த்த பேசல. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. கழுத்து வலின்னீக. எங்கயாச்சும் மண்ணுல போட்டாப் போதும்னு இருந்துச்சு எனக்கு. வெளஞ்சா என்ன, வெளையாட்டி என்ன?"

நான் அரிவாளை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாடு மட்டும் அவசரமாகக் கத்திக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 8
மழை: இல்லை

காலண்டருக்குப் பின்னால் படிவம் இல்லை.

சாக்கிலிருந்து துணிகளை எடுத்தேன். உதறித் துவைத்து வெயிலில் போட்டேன். சாயங்காலம் இருபத்தாறாவது மூட்டையைப் பிரித்து, நல்ல மணியாகப் பார்த்து அதில் கட்டினேன். ஆவணிக் கடைசியில் விதைக்க வேண்டும். இந்தச் சாக்குக்குக் கட்டிலில் இடம் இல்லை, பத்தாயத்தில் வைத்துவிட்டேன்.